விலை தெரிந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். எங்கள் லயத்தில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைச் சுற்றியும் ஆற்றோரத்திலும் கறட், லீக்ஸ், கோவா, போஞ்சி போடுகின்றன. விளைந்ததை எடுக்க ஒரே ஒரு லொறிக்காரர்தான் வருகிறார். அவர் சொல்வதுதான் விலை. மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிவும் வெட்டுகிறார். மழைக்கு லொறி வராவிட்டால் லீக்ஸ் வாசலிலேயே அழுகும். இவ்வளவு மரக்கறி விளைகிற இடத்தில் பிள்ளைகள் கொண்டு வருவது ரொட்டியும் சம்பலும்தான். போன மாதம் சிலர் வந்தார்கள். ஒரு செயலியில் பதிந்துகொண்டால் கொழும்பில் வாங்குபவர்களோடு நேரே பேசலாம், பெட்டிக்குப் பெட்டி கியூஆர் ஒட்டலாம், பிறகு குளிர் அறையும் வரும் என்று சொல்லி, குடும்பத்துக்கு ஒரு தொகை கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் எந்தத் தொழில்நுட்பம் உதவும்?
— வாசகி, ஹட்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போதைக்குக் கட்ட வேண்டாம். வந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் விலை, அழுகல், பிள்ளைகளின் சாப்பாடு என்று மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன. அவர்கள் கொண்டுவந்த செயலி முதலாவதை மட்டுமே தொடுகிறது. அதையும் பாதிதான் தொடுகிறது.

விலையிலிருந்து தொடங்குகிறேன். மொத்த விலையை விவசாயிக்குத் தெரியப்படுத்தும் முயற்சி இலங்கைக்குப் புதிதல்ல. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999இல் திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு அங்கே ‘கொவி ஞான சேவை’ என்ற திட்டம் விலைகளைத் திரட்டிக் கொடுக்கத் தொடங்கியது. அப்போது லேர்ன்ஏசியா என்ற ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுவரும் சிறு விவசாயிகளின் செலவுகளைக் கணக்கெடுத்தார்கள். விதை வாங்குவதிலிருந்து விற்பது வரையான மொத்தச் செலவில் ஏறக்குறைய 11 வீதம், வெறுமனே தகவல் தேடிப் போய்வரும் செலவு என்று தெரிந்தது. போன் அந்தச் செலவைத்தான் குறைக்கிறது. 2015இல் டயலொக் நிறுவனம் விவசாயத் திணைக்களத்தோடு சேர்ந்து ‘கொவி மிதுரு’ சேவையைத் தொடங்கியது. தமிழில் அதன் பெயர் ‘உழவர் தோழன்’. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் குரலிலேயே ஆலோசனை சொல்வது அதன் நல்ல குணம். பயிர் நோய், உரம் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கமும் இருக்கிறது. மொத்த விலைகளை ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் வெளியிடுகிறது. மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையிலும் புறக்கோட்டை, தம்புள்ளை விலைகள் வருகின்றன. ஆகவே விலை தெரிந்துகொள்ள யாருக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. லயத்தில் ஓ/எல் படிக்கும் ஒரு பிள்ளை காலையில் அந்த அறிக்கைகளைத் திறந்து, கறட், லீக்ஸ், கோவா, போஞ்சி விலைகளை வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போட்டால் போதும்.

ஆனால் விலை தெரிந்தால் மட்டும் விலை கிடைத்துவிடுமா? இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கேரள மீனவர்களை உதாரணம் காட்டுவார்கள். 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையோரத்தில் கைத்தொலைபேசி வந்தபோது என்ன நடந்தது என்று ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் எழுதினார். அதற்கு முன் ஒரு துறையில் சாளை மீன் வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டப்படும். பக்கத்துத் துறையில் மீனே இருக்காது. போன் வந்த பிறகு வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவர் இலாபம் 8 வீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுக்கும் விலை 4 வீதம் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் அந்த மீனவரிடம் சொந்தமாகப் படகும், அதில் எஞ்சினும் இருந்தன. நடுக்கடலில் போனில் விலை கேட்டுவிட்டு, சுக்கானைத் திருப்பி வேறு துறைக்குப் போக அவரால் முடிந்தது. உங்கள் லயத்தில் சுக்கான் லொறிக்காரர் கையில் இருக்கிறது. தம்புள்ளையில் கறட் என்ன விலை என்று தெரிந்த பிறகும் அவரிடம்தான் கொடுக்க வேண்டுமென்றால், அந்த விலை வெறும் செய்திதான். இரண்டாவதாக வாங்க ஒருவர் கிடைக்கும்போதுதான் அது பேரம் பேசும் பலமாகும்.

லொறிக்காரரையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் எண்களைப் போட்டுச் சரிபாருங்கள். தம்புள்ளையில் லீக்ஸ் கிலோ 200 ரூபா என்று வையுங்கள். நூறு கிலோ ஏற்றினால், நசுங்கியதும் வாடியதும் போக 80 கிலோ விற்கும். வருமானம் 16,000. கொமிஷன் 1,600, லொறிக்கூலி 1,500, சாக்கும் ஏற்றுகூலியும் 500 போனால் மிச்சம் 12,400. அதாவது உங்கள் வாசலில் அந்த லீக்ஸின் பெறுமதி கிலோ 124 ரூபா. அவர் 110 தந்தால் அது கொள்ளையல்ல, அவருடைய உழைப்புக்கும் டயருக்கும் அது சரி. 70 தந்தால் கேட்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள். 20 கிலோ அழுகல் இந்தக் கணக்கில் 4,000 ரூபாவைத் தின்கிறது. கொமிஷனையும் லொறிக்கூலியையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. மக்கள் இடைத்தரகரைத் திட்டுகிறார்கள், சாக்கைத் திட்டுவதில்லை.

லொறிக்காரருக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. எந்தச் செயலியாலும் அதை அவிழ்க்க முடியாது. விதைக்கு, உரத்துக்கு, பிள்ளையின் சடங்குக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு முற்பணம் கொடுப்பவர் அவர்தான். முற்பணம் வாங்கியவர் விளைச்சலை வேறொருவருக்கு விற்க முடியாது. காணி தோட்டத்துடையது, உங்கள் கையில் உறுதி இல்லை. வங்கி கடன் தராது, கமநல சேவை நிலையத்தில் விவசாயியாகப் பதிந்து உர மானியம் எடுப்பதும் சிரமம். 2021இல் இரசாயன உரத் தடை வந்து அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்ட காலத்தில் இந்தப் பிடி எவ்வளவு இறுகியது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் முதல் வேலை விதைக்காசை லொறியிலிருந்து பிரிப்பது. தோட்டத்துப் பெண்களுக்குச் சீட்டுப் பிடிப்பதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டை விதைச் சீட்டாக மாற்றி, எடுக்கும் முறையை நடவு மாதத்தோடு பொருத்துங்கள். கணக்கைப் போனில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள்.

அடுத்தது இரண்டாவது வாங்குநர். 1999இல் கார்கில்ஸ் நிறுவனம் ஹங்குராங்கெத்தையில் மரக்கறி சேகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்து, சந்தையைத் தாண்டி விவசாயியிடமே வாங்கத் தொடங்கியது. பிறகு மற்ற சுப்பர்மார்க்கட்டுகளும் அந்த வழிக்கு வந்தன. அங்கே நிறுவையும் விலையும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். ஆனால் தரம் பிரிப்பார்கள். வளைந்த கறட்டும் வெடித்த கோவாவும் திரும்பி வரும். காசு கைக்கு வரச் சில நாள் ஆகலாம். தனி ஒரு குடும்பத்தின் 40 கிலோவை அவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு சிறிய பட்டா லொறி நிறையக் கொண்டுபோனால் பேச்சே வேறு. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் ஹோட்டல்களும் விடுதிகளும் எவ்வளவு வாங்குகின்றன என்பதையும் யாராவது நேரில் போய்க் கேட்டு வர வேண்டும்.

சேர்ந்து விற்க வேண்டுமென்றால் யார் வீட்டில் எது எப்போது அறுவடையாகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். போனின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது. யார், என்ன, எத்தனை பாத்தி, எந்த வாரம் என்று நான்கு நிரல் போதும். எல்லோரும் ஒரே வாரத்தில் லீக்ஸ் நட்டு ஒரே வாரத்தில் விலையை விழுத்துவதும் இந்த அட்டவணையால் கொஞ்சம் குறையும். புதிய சங்கம் தொடங்கிப் பதவிச் சண்டை போட வேண்டாம். உங்கள் தோட்டத்தில் ஏற்கனவே ஒழுங்காக நடக்கும் மரண உதவிச் சங்கமோ கோயில் கமிட்டியோ இருந்தால் அதன் நிழலில் தொடங்குங்கள்.

அழுகலுக்கு வருவோம். இலங்கையில் அறுவடைக்குப் பின் மரக்கறியில் 30 முதல் 40 வீதம் வரை வீணாகிறது என்பது அநுராதபுரத்தில் உள்ள தேசிய அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவகத்தார் நீண்டகாலமாகச் சொல்லிவரும் கணக்கு. காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சராசரி வெப்பம் 16 பாகை. அங்கே வெட்டிய லீக்ஸை உரப்பையில் காலால் மிதித்து அடைத்து, பை மேல் பை அடுக்கி, றம்பொடை வளைவுகளில் குலுக்கி, 30 பாகை வெயிலடிக்கும் தம்புள்ளையில் இறக்குகிறோம். மரக்கறி வெட்டிய பிறகும் மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும். அடைத்த பைக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. அப்படி இறங்கியதில் ஒரு பங்கு மறுபடியும் கண்டிப் பக்கம் ஏறி வருவதும் உண்டு.

சாக்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கூடை என்பது எல்லோருக்கும் தெரிந்த தீர்வு. 2011 டிசம்பரில் அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கப் பார்த்தது. தம்புள்ளையில் வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்து நின்றார்கள், சட்டம் தளர்ந்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூடையில் ஏற்றினால் லொறியில் கொள்ளும் அளவு குறையும், கூலி கூடும். வெறுங்கூடை யார் மூலம் திரும்பி வரும்? கூடையில் வந்த கறட்டுக்குக் கூடுதல் விலை யார் தருவார்? நஷ்டம் ஒருவருக்கும் இலாபம் இன்னொருவருக்கும் என்றிருந்தால் நல்ல தொழில்நுட்பமும் தோற்கும். ஆகவே தம்புள்ளைக்குக் கூடை அனுப்பும் ஆசையை இப்போது விடுங்கள். போன வண்டியிலேயே அன்றைக்கே கூடை திரும்பும் இடங்களுக்கு மட்டும் பாவியுங்கள்: சேகரிப்பு நிலையம், ஹோட்டல், ஹட்டன் கடை.

கூடைக்கும் முன்னால் நிழல். கோவாவையும் லீக்ஸையும் பனி ஈரம் காய்ந்த பிறகு வெட்டி, உடனே ஒரு தகரக் கூரையின் கீழ், தரையில் படாமல் பலகையில் வையுங்கள். கறட்டின் இலையைத் திருகி எடுத்துவிடுங்கள். இலை இருந்தால் கிழங்கின் ஈரத்தை அது உறிஞ்சும். கழுவினால் காயவிட்டுத்தான் அடைக்க வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் கழுவிய கறட்டில் பளபளப்போடு அழுகல் கிருமியும் சேர்ந்து வரும். நீலகிரியில், கேத்திப் பக்கத்துக் கறட்டும் இதேபோல் கழுவி, மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் போகிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இங்கிருந்து போன நம் உறவுகள் பலர் அந்த மலையில் இருக்கிறார்கள். இரண்டு மலைக்கும் ஒரே தலைவலி.

குளிர் அறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தம்புள்ளையில் 5,000 தொன் கொள்ளளவுள்ள, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் இந்திய உதவியோடு திறந்து வைக்கப்பட்டது. வெங்காயம், கிழங்கு போன்றவற்றைத் தேக்கி வைக்கும் பெரிய வியாபாரத்துக்கு அது உதவும். ஹட்டனில் வெட்டிய லீக்ஸ் அங்கே போய்ச் சேருமுன்பே வாடிவிடும். உங்களுக்கு வேண்டியது மேலேயே ஒரு சிறிய அறை. இதில் மலையகத்துக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. வெளியே 16, 18 பாகை இருக்கும் இடத்தில் அறையை 4 பாகைக்கு இறக்க ஆகும் மின்சாரம், தம்புள்ளையில் ஆவதைவிட மிகக் குறைவு. காப்பிடப்பட்ட சிறு அறையில் சாதாரண வீட்டு ஏசியைப் பூட்டி, அதை 4 பாகை வரை இறங்க வைக்கும் ‘கூல்பொட்’ என்ற கட்டுப்பாட்டுக் கருவியை அமெரிக்கச் சிறு விவசாயிகள் பாவிக்கிறார்கள். நைஜீரியாவில் ‘கோல்ட்ஹப்ஸ்’ என்ற நிறுவனம் சந்தைகளில் சூரிய சக்திக் குளிர் அறைகளை வைத்து, கூடைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகை எடுக்கிறது. உங்களுக்குப் பொருந்துவது அந்த வாடகை முறைதான். அறை யாருடையதாகவும் இருக்கட்டும், நீங்கள் வைத்த கூடைக்கு மட்டும் காசு கொடுப்பீர்கள்.

யூடியூப்பில் பார்த்துவிட்டுச் சிலர் செங்கல்லும் ஈர மணலும் கொண்ட, மின்சாரமில்லாத குளிர் அறை கட்டச் சொல்வார்கள். டில்லியில் இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவகம் உருவாக்கிய அருமையான முறை அது. ஆனால் தண்ணீர் ஆவியாகித்தான் அது குளிரும், அதற்கு வறண்ட காற்று வேண்டும். பனிமூட்டமும் ஈரக் காற்றும் நிறைந்த ஹட்டனில் செலவு வீண்.

அறை வந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட முடியாது. கறட், லீக்ஸ், கோவா மூன்றும் பூச்சியப் பாகைக்குச் சற்று மேலே, ஈரக் காற்றில் நீண்ட நாள் நிற்கும். போஞ்சியை 5 பாகைக்குக் கீழே வைத்தால் புள்ளி விழுந்து பழுதாகும். கறட்டோடு வாழைப்பழத் தார் வைத்தால், பழம் விடும் வாயுவால் கறட் கசக்கும். இன்னொன்று, இது மிக முக்கியம்: தோட்டக் காணியில் சீமெந்து போட்டு நிரந்தரமாகக் கட்டாதீர்கள். கழற்றி எடுத்துப் போகக்கூடிய பலகை அறையாக இருக்கட்டும். நிர்வாகம் மாறினாலும் அறை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கியூஆருக்கு அதிக நேரம் வேண்டாம். அமெரிக்காவில் வோல்மார்ட், ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து புளொக்செயின் முறையைச் சோதித்தபோது, ஒரு மாம்பழம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய ஏழு நாள் எடுத்த வேலை 2.2 செக்கன்களில் முடிந்தது. நச்சு உணவு பரவும்போது அது உயிர் காக்கும். ஆனால் அது மாம்பழத்துக்குச் சொந்தக்காரருக்கு விலையைக் கூட்டும் வேலையல்ல. உங்கள் கறட் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதற்காகக் கூடுதலாகத் தரத் தயாரான ஒரு வாங்குநர் வந்தால், ஸ்டிக்கர் செலவை அவரே ஏற்கட்டும்.

இனிப் பிள்ளைகளின் சாப்பாடு. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துறையில் 32 வீதம். பிள்ளைக் காம்பராவில் உயரமும் எடையும் எழுதுகிற உங்களுக்கு அந்த 32இன் முகங்கள் தெரியும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள் பணவீக்கம் 94.9 வீதத்துக்குப் போனது. 2021இல் போராடிப் பெற்ற ஆயிரம் ரூபா நாள் சம்பளம் ஒரே வருடத்தில் அரைவாசியாகக் கரைந்தது. அடுத்த ஆண்டு உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து செய்த மதிப்பீட்டிலும் உணவு நெருக்கடி மிக மோசமாக இருந்தது தேயிலைத் தோட்டக் குடும்பங்களில்தான். காரணம் எளிது. நீங்கள் விற்பது மரக்கறி, வாங்குவது கோதுமை மா, அரிசி, பருப்பு, எண்ணெய். விற்கும்போது மொத்த விலை, வாங்கும்போது சில்லறை விலை, அதுவும் கடனுக்கு. உங்களிடம் வந்த செயலி விற்பனைப் பக்கத்தை மட்டும் பார்க்கிறது. மரக்கறி ஏற்றிப்போகும் அதே பட்டா லொறி, திரும்பும்போது வெறுமையாக வர வேண்டுமா? அரிசி, பருப்பு, கௌபி, கடலை என்று சேர்த்து மொத்தமாக வாங்கி வரட்டும்.

மொத்தமாக வாங்கினால் மலை ஈரத்தில் பூசணமும் வண்டும் வரும் என்பீர்கள். அதற்கும் மலிவான வழி இருக்கிறது: காற்றுப்புகாப் பை. கமரூன் விவசாயிகளின் கௌபியை வண்டிலிருந்து காக்க அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மூன்றடுக்குப் பை ஆபிரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஒட்சிசனை வண்டுகளே மூச்சுவிட்டுத் தீர்த்து, பிறகு மாண்டுபோகும். மருந்து தேவையில்லை. தானியம் மட்டும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர அரிசியைக் கட்டி வைத்தால் பை காப்பாற்றாது.

இதை நான் வலியுறுத்த இன்னொரு காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையக வீதிகள் மண்சரிவால் அடைபட்டன, ரயில் பாதையும் உடைந்தது. கீழே மரக்கறி இல்லை, மேலே மாவு இல்லை. மலைநாட்டில் உணவுப் பாதுகாப்பு என்றால், வீதி மூடினாலும் பத்து நாள் அடுப்பெரிய வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. உங்கள் பிரிவின் பெயர் வந்த அன்றே விலைக் குழுவில் அதையும் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு இன்னொரு வழியும் உண்டு. தரம் பிரித்துத் திரும்பும் வளைந்த கறட்டையும் உடைந்த பீட்ரூட்டையும் மாட்டுக்குப் போடாமல், பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு விலைக்கு எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். சும்மா தரச் சொல்லாதீர்கள். சும்மா வந்தால் இரண்டு கிழமையில் நின்றுவிடும்.

எங்கே தொடங்குவது? ஒரு கொப்பியில் மூன்று மாதம் எழுதுங்கள்: அன்றைய தம்புள்ளை விலை, லொறிக்காரர் தந்த விலை, வெட்டிய கழிவு, வாசலில் அழுகிய கிலோ. கடைசி நிரல் பெரிதாக வந்தால் குளிர் அறையைப் பற்றிப் பேசுவோம். கழிவு நிரல் பெரிதாக வந்தால் சேர்ந்து ஓர் இலத்திரனியல் தராசு வாங்குங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எத்தனை தலைமுறை கழிவு கொடுத்தோம் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டால் தராசின் அருமை தெரியும். வாங்கும்போது அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வருடாவருடம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். முத்திரையில்லாத தராசு காட்டும் நிறையை லொறிக்காரர் ஏற்கத் தேவையில்லை. அவருடைய தராசில் முத்திரை இல்லாவிட்டால் நீங்களும் ஏற்கத் தேவையில்லை.